கன்னிவாடிக்குப் போன கரடிக்குட்டி

இருபத்தெட்டு வயது ஆம்பளைக்குப் பெற்றவள் மீனில் முள்ளெடுத்துத் தட்டில் வைக்கிறாள் என்றால், பிள்ளையைக் குறை சொல்வதா பெற்றவளைக் குறை சொல்வதா என்று கொடைக்கானலில் ரெண்டு கட்சி இருந்தது. உபகாரம் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. முள்ளில்லாத மீன் ருசியாகத்தான் இருந்தது.

அவன் அம்மா கித்தேரியம்மாள் கான்வென்ட் அடுப்படியில் சமையல்காரி. அங்கே அத்தனை பிள்ளைகளுக்கும் பொங்கிப் போட்டுவிட்டு வந்து, மிச்சத் தெம்பையெல்லாம் வீட்டில் இந்த ஒரு பிள்ளையிடம் காட்டுவாள். அவன் குளிக்கிற வெந்நீரில் முதலில் அவள் கை விழவேண்டும். மப்ளரை அவள்தான் கட்டவேண்டும், அதுவும் தாடைக்குக் கீழே ரெட்டை முடிச்சாக. அவன் வேலை பார்த்த உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள், "ஏலே உபகாரம், இன்னிக்கி அம்மா மூக்குச் சிந்தி விட்டாகளா?" என்று கேட்பார்கள். அவன் சிரித்து மழுப்புவான். சிந்திவிட்டது அவனுக்கல்லவா தெரியும்!

அப்படிப்பட்டவனுக்கு மலைக்குக் கீழே கன்னிவாடியில் வேலை கிடைத்துவிட்டது. கமிஷன் மண்டியில் எடை பார்க்கும் வேலை, மண்டிக்குப் பின்னாலேயே தங்க ஒரு அறை. அடுத்த திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை வந்து நிற்கவேண்டும் என்று முதலாளி சொல்லியனுப்பினார். உபகாரம் துள்ளிக் குதித்தான். குதித்து முடித்த பிறகுதான் இதை அம்மாவிடம் சொல்லவேண்டுமே என்ற நினைப்பு வந்தது. வாயைத் திறப்பான், அம்மா ஒரு கவளம் சோற்றைத் திணிப்பாள். அவன் சேதியையும் சேர்த்து முழுங்கிவிடுவான்.

இந்த நேரத்தில்தான் கோயில் ஹாலில் சினிமா போடப்போவதாக அறிவித்தார்கள். மனுஷர் நடித்த படமில்லை, எல்லாம் கையால் வரைந்து ஓடவிட்ட படம். ஒரு கரடிக்குட்டி பிறந்து, விழுந்து எழுந்து, வளர்ந்து பெரிசாகிற கதை. பேச்சு இங்கிலீஷில் இருந்ததால், ஸ்கூல் டிராயிங் மாஸ்டர் லூர்துசாமி எப்போதும்போல் திரைக்குப் பக்கத்தில் மூங்கில் குச்சியோடு நின்று தமிழில் சொல்லுவார். உள்ளதைச் சொல்லுவார், இல்லாததையும் சொல்லுவார். போன வருஷம் ஏதோ ஒரு வெள்ளைக்கார ராஜாவின் படத்தில், அந்த ராஜா சேனைக்கு நம்ம பக்கத்து மன்னவனூர்ப் பூண்டு வாங்கிய கதையைக் கேட்டு ஊரே கைதட்டியது.

வேலைச் சேதியை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று உபகாரம் அவரிடம் போய் நின்றான்.

"கடைசில குட்டி அம்மாவ விட்டுட்டு மலையத் தாண்டிப் போயிருது" என்றார் லூர்துசாமி. "அம்மாக்கரடி சிரிச்சுக்கிட்டே தலையாட்டுது. உங்கம்மாவ முன் பெஞ்சுல உக்கார வையி. மத்தத நான் பாத்துக்கிறேன்."

பிள்ளையார் பிடிக்கப் போனவனுக்குக் குரங்காவது மிஞ்சும். இவனுக்கு மிஞ்சியது கரடி.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் காலெடுத்து வைக்க இடமில்லை. குட்டி பனியில் சறுக்கியது, ஆற்றில் விழுந்தது, தேன்கூட்டில் மூக்கை விட்டது. கித்தேரியம்மாள் ஒவ்வொன்றுக்கும் "ஐயையோ, யேசுவே" என்று சிலுவை போட்டாள். கடைசியில் வளர்ந்த குட்டி அம்மாக்கரடிக்கு முன்னால் நின்று ஏதோ பேசியது. லூர்துசாமி குச்சியை நீட்டிக் குரலை உயர்த்தினார்.

"குட்டி சொல்லுது: 'அம்மா! நான் வளந்துட்டேன். எனக்குக் கன்னிவாடி கமிஷன் மண்டியில வேல கெடச்சிருக்கு. திங்கக்கெழம போய்ச் சேரணும்!'"

உபகாரம் கண்ணை மூடிக்கொண்டான். கன்னிவாடி என்று ஊர்ப்பேரைச் சொல்லச் சொல்லி அவன் கேட்கவில்லை. பின் வரிசையிலிருந்து ஒரு ஆள், "தங்க எடம் குடுக்காங்களா?" என்று கேட்டான். "மண்டிக்குப் பின்னால ரூம் உண்டு" என்றார் லூர்துசாமி, கொஞ்சமும் அசராமல்.

அப்போது கித்தேரியம்மாள் எழுந்து நின்றாள்.

"ஏங்க வாத்தியாரே, கன்னிவாடி வெக்கைக்கு இம்புட்டு மசுரோட அது எப்படிங்க தாங்கும்?"

நியாயமான கேள்வி என்று ஹால் முழுக்க முணுமுணுத்தது. லூர்துசாமி குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டார். திரையில் குட்டி அதுபாட்டுக்கு நடந்து மலையைத் தாண்டிவிட்டது. அம்மாக்கரடி சிரித்ததோ என்னவோ, கித்தேரியம்மாள் போட்ட ஓலத்தில் யாரும் பார்க்கவில்லை. "ஒரு வாய் திங்காமப் போகுதே! திரும்பிக்கூடப் பாக்கலையே! பெத்த மனம் பித்து, பிள்ள மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாக!" என்று முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து வீடு இழவு விழுந்த துட்டி வீடானது. பக்கத்துப் பெண்கள் வேலை முடிந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழ வந்தவர்கள் காப்பி குடித்தார்கள். ஏரிக்கரையில் டீக்கடை வைத்திருந்த கந்தம்மாள், கடையை அடைத்துவிட்டே வந்தாள்.

"அழுவாத கித்தேரி. என் தங்கச்சி அன்னக்கொடியக் கன்னிவாடிலதான குடுத்திருக்கு. பஸ் நிக்கிற எடத்துலயே மோர்க்கடை போட்டிருக்கா. கரடி வந்து எறங்குனா பாத்துக்கச் சொல்லி ஆள் விடுறேன். பழனியாண்டவனுக்கும் நேந்துக்கிட்டேன், நல்லபடியாப் போய்ச் சேந்தா மொட்ட போடுறதா."

"யாருக்கு மொட்ட?"

"கரடிக்குத்தான். வெக்கையும் தணியுமில்ல."

கித்தேரியம்மாள் முதல்முறையாகக் கொஞ்சம் தெளிந்தாள். இருவரும் அடுப்படிக்குள் போய் வெகுநேரம் குசுகுசுவென்று பேசினார்கள். வெளியே உட்கார்ந்திருந்த உபகாரத்துக்குத் தலை சுற்றியது. கரடி போனதற்கே இந்தப் பாடு என்றால் மகன் போகிறேன் என்றால் என்ன ஆகும்? வேலை வேண்டாமென்று சொல்லியனுப்பிவிடலாம் என்றுகூட நினைத்தான். ஆனால் இந்த வேலையும் போனால் சாகிறவரைக்கும் ரெட்டை முடிச்சுதான்.

புதன்கிழமை அவள் உபதேசியாரிடம் போய்க் கரடிக்குட்டியின் பிரயாணத்துக்காகப் பூசை வைக்கவேண்டும் என்றாள். உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கித்தேரியம்மா, அது வரைஞ்ச படம்மா. உசிரு கெடையாது."

"கோயில்ல மாட்டியிருக்க மாதா படமும் வரைஞ்சதுதான். நீங்க அதுக்கு முன்னால முழங்கால் போடலையா?"

உபதேசியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பூசைக் குறிப்பில் எழுதிக்கொண்டார். மறுநாள் காலைப் பூசைக்கு முன்னால் சாமியார், "கன்னிவாடிக்குப் பயணப்படும் ஒரு பிள்ளைக்காக" என்று பொதுவாக வாசித்தார். "கரடின்னு சொல்லுங்க சாமி, ஆண்டவருக்கு அடையாளம் தெரியாமப் போயிரும்" என்று பெண்கள் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. சாமியார் சொன்னார். சிவபூசையில் கரடி நுழைந்ததாகத்தான் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். கிறிஸ்தவப் பூசையிலும் அது நுழைந்தது அன்றைக்குத்தான்.

ஊரார் கேட்டுக்கொண்டதால் அடுத்த ஞாயிறும் அதே படம் போட்டார்கள். லூர்துசாமிக்கு மனசு உறுத்தியிருக்க வேண்டும். கடைசிக் கட்டம் வந்ததும், "குட்டி சொல்லுது, 'அம்மா, நான் எங்கயும் போகல, சும்மா காட்டப் பாத்துட்டு வாரேன்'" என்று மாற்றிப் பார்த்தார். ஹால் பொங்கிவிட்டது. "கன்னிவாடின்னுதான போன வாரம் சொன்னீக! பூசையே வச்சாச்சு! கரடி விடுறீரா வாத்தியாரே?" லூர்துசாமி பயந்துபோய்க் குட்டியை மறுபடியும் கமிஷன் மண்டிக்கே அனுப்பினார்.

கித்தேரியம்மாள் பெஞ்சைவிட்டு எழுந்தாள். கையில் ஒரு சோற்றுப் பொட்டலம். நேரே திரைக்கு முன்னால் போய் நின்றாள். அவள் நிழல் விழுந்ததில் திரையில் அம்மாக்கரடிக்குப் பக்கத்தில் இன்னொரு அம்மா நின்றாள். பொட்டலத்தைக் கீழே வைத்தாள்.

"தின்னுட்டுப் போ ராசா. திரும்பிப் பாக்காத. பாத்தா, போக மாட்ட."

குட்டி போயிற்று. அவள் அழவில்லை. பொட்டலத்தை அப்புறம் லூர்துசாமி தின்றார்.

மறுநாள் திங்கள். உபகாரம் இருட்டோடு எழுந்து, செத்தாலும் சரி சொல்லிவிடுவது என்று அடுப்படி வாசலில் நின்றான்.

"எம்மா, நான் வந்து... கன்னிவாடிக்கு..."

"கரடியப் பாக்கப் போறியா? போய்ட்டு வா" என்றாள் அவள், திரும்பாமலே. "வெரசாக் கெளம்பு, பஸ் போயிரும். அந்தப் பெட்டிய அதுகிட்டக் குடுத்துரு."

அவன் பெட்டியைத் திறந்தான். அவனுடைய வேட்டிகள், அவனுடைய சட்டைகள், அவனுடைய சீப்பு. அம்மாவுக்கு உண்மையிலேயே புத்தி பிசகிவிட்டதா, கரடிக்கு எதற்குச் சீப்பு என்று நினைத்தான். ஆனால் கரடிக்குத்தான் சீப்பு அவசியம் என்றும் பட்டது. அவள் மப்ளரைக் கட்டினாள், ரெட்டை முடிச்சு. கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை.

பஸ் செண்பகனூர் வளைவில் திரும்பும்போது உபகாரத்துக்கு ஆத்திரம் பொங்கியது. வரைஞ்ச கரடிக்கு ஒரு வாரம் ஒப்பாரி வைத்தவள், பெற்ற பிள்ளைக்கு ஒரு சொட்டு விடவில்லையே! கரடிக்குக் கட்டிய சோறு எனக்கு இல்லையே! அவள் அழுவாள் என்று இத்தனை நாள் பயந்தவன், அவள் அழாததற்காக அழுதான். பக்கத்தில் கோழிக்கூடையோடு உட்கார்ந்திருந்த பெரியவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

வத்தலக்குண்டில் பஸ் மாறினான். வெயில் மண்டையைப் பிளந்தது. ஸ்வெட்டரைக் கழற்றலாம் என்றால், மப்ளர் முடிச்சை அவிழ்க்கத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அதை அவன் அவிழ்த்ததே இல்லை. கன்னிவாடியில் இறங்கியபோது வேர்வை ஊற்ற, தலையிலிருந்து இடுப்புவரை கம்பளியாக நின்றான்.

மோர்க்கடையிலிருந்து ஒரு பெண் இவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தபடி எழுந்து வந்தாள்.

"வந்துட்டீகளா? நான் அன்னக்கொடி. அக்கா சொல்லிவிட்டது சரியாத்தான் இருக்கு. கரடி ஒண்ணு வரும், கம்பளியோட வரும், பசியோட வரும்னுச்சு."

அவன் பெட்டியைக் கீழே வைத்தான்.

"கரடிக்கு மண்டியில வேலைன்னு வாத்தியார் சொன்னதுமே உங்கம்மாவுக்கு வெளங்கிருச்சாம். அக்காகிட்ட ஒரு வாரமாச் சொல்லிச் சொல்லி அழுதாகளாம். பிள்ளையச் சொல்லி அழுதா பிள்ள வேலைக்குப் போகமாட்டான், கரடியச் சொல்லி அழுதுக்கிறேன்னு. எம்புட்டு அழணுமோ அம்புட்டையும் முடிச்சிட்டுத்தான் உங்கள அனுப்புனாகளாம். வாங்க, சோறு ஆக்கி வச்சிருக்கேன். மீன் குழம்பு. முள்ளெடுத்துத்தான் வைக்கணும்னு உங்கம்மா கண்டிசன்."

தட்டு வந்தது. அன்னக்கொடி மீனைப் பிட்டு முள்ளைத் தேடினாள். உபகாரம் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"வேண்டாங்க. நானே எடுத்துக்கிறேன்."

முதல் வாயிலேயே முள் தொண்டையில் சிக்கியது. வெறுஞ்சோற்றை உருட்டி முழுங்கி, இருமி, கண்ணில் தண்ணீர் கொட்ட நிமிர்ந்தான். அன்னக்கொடி பதறி முதுகைத் தட்ட வந்தாள். அவன் கையைக் காட்டித் தடுத்துவிட்டு ரெண்டாவது துண்டைப் பிட்டான்.

"அழுவுறீகளா?" என்றாள்.

"முள்ளுங்க" என்றான் உபகாரம். மப்ளரை மட்டும் அன்றைக்கு முழுக்க அவன் யாரையும் அவிழ்க்க விடவில்லை.