கீத்தின் இடுக்கி

ஏரிக்கரைப் பூங்காவின் பார்பெக்யூ அடுப்பு எல்லோருக்கும் பொது. பட்டனை அழுத்தினால் இரும்புத் தட்டு சூடாகும். கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடும், மறுபடி அழுத்த வேண்டும். காசு கிடையாது. சமைத்தவர்கள் அடுத்து வருபவர்களுக்காகத் தட்டைச் சுரண்டித் துடைத்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இறைச்சியைப் புரட்டும் இடுக்கி பொது இல்லை. அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அன்றைக்கு ராஜா. மற்ற ஆண்கள் பீரோடு சுற்றி நின்று யோசனை சொல்லலாம், தொடக்கூடாது.

எங்கள் குடும்பத்து இடுக்கி என் கணவர் கீத்துடையது. அவர் இறந்த பிறகு மகன் கிளேட்டன் எடுத்துக்கொண்டான். போன வருடம் நான் வாரனைக் கல்யாணம் செய்துகொண்டேன். அன்றிலிருந்து என் மகன் அவரிடம் மழை, வெயிலைத் தவிர வேறு பேசியதில்லை. கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறு வழக்கம்போல எல்லோரும் ஏரிக்கரையில் கூடினோம். இன்றைக்காவது இரண்டு பேரும் நாலு வார்த்தை பேசமாட்டார்களா என்று என் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

வாரனுக்குக் கொடுத்த வேலை வெங்காயம் நறுக்குவது. மேசை ஓரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டே நறுக்கினார். அவருக்கு இந்த எடுபிடி வேலைதானா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாவம், அழுறாரு," என்றார் கீத்தின் தம்பி நோயல். "உன்னைக் கட்டிக்கிட்டது இப்பத்தான் உறைக்குது போல, பெவ்!"

"நீ வாயை மூடிக்கிட்டு பீரைக் குடி."

சாசேஜுகளைத் தட்டில் போட்ட நேரம் பார்த்துப் பேத்தி இண்டி கால்களைப் பின்னிக்கொண்டு வந்து நின்றாள். "அப்பா, அவசரம்!"

கழிப்பறை பூங்காவின் அந்தக் கோடியில். நான் கூப்பிட்டதற்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். நோயல் இடுக்கிக்குக் கை நீட்டினார்.

"வேணாம் சித்தப்பா. போன தடவை உங்ககிட்ட கொடுத்தப்ப பாதியை பெலிக்கன் பறவை தின்னுச்சு," என்றான் கிளேட்டன். சுற்றுமுற்றும் பார்த்தான். வேறு வழியில்லாமல் வாரனிடம் நீட்டினான். "சும்மா பிடிச்சுக்குங்க. இதோ வந்துடறேன்."

வாரன் நன்றாகச் சமைப்பார், அதுதான் பயம். கீத் எப்போதும் சாசேஜைக் கரியாக்கிவிடுவார். கீத் கை பட்டால் தனி ருசி என்று சொல்லிக்கொண்டே நாங்கள் அத்தனை பேரும் தின்போம். இவர் பதமாக வறுத்து, அதை நோயல் ஊருக்கே கேட்கிறமாதிரி புகழ்ந்தால், என் மகன் ஜென்மத்துக்கும் மன்னிக்கமாட்டான்.

வாரன் திருப்பவே இல்லை. புகை வந்தது. அடுப்புக்காகக் காத்திருந்த ஒரு பெண் பதறினாள். "ஐயோ, கருகுதுங்க!"

"தெரியும்மா," என்றார். தட்டு அணைந்தது. குனிந்து மறுபடி பட்டனை அழுத்தினார்.

"என்னய்யா பண்றீங்க?" என்றார் நோயல்.

"கீத் இப்படித்தானே செய்வாரு? பெவ் சொல்லியிருக்கா."

கிளேட்டன் மகளைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தான். கறுத்துக் கிடந்த சாசேஜுகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்பா பண்ண மாதிரியே இருக்கு," என்றான். தட்டின் மூலையில் பொன்னிறமாக ஒன்று தனியாக இருந்தது. "அது மட்டும் என்ன?"

"அது உங்கம்மாவுக்கு."

"அம்மாவுக்குக் கருகினதுதானே பிடிக்கும்?"

வாரன் என்னைப் பார்த்தார். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"பிடிக்காதுடா."

"அப்பாகிட்ட ஒரு தடவைகூடச் சொன்னதில்லையா?"

"இடுக்கியைப் பிடிச்சுக்கிட்டு அவர் நிக்கிற சந்தோஷத்தைப் பார்த்துட்டு எப்படிடா சொல்றது?"

கிளேட்டன் அந்த ஒன்றை எடுத்து, ரொட்டியில் வைத்து, மேலே வெங்காயத்தைப் போட்டு என் கையில் கொடுத்தான். வாரன் இடுக்கியை அவனிடம் நீட்டினார். அவன் வாங்கவில்லை.

"அடுத்ததும் நீங்களே போடுங்க," என்றான். "பாதியைக் கருக்குங்க, மீதியைக் கருக்க வேணாம்."