எண்பத்தைந்துக்குக் கீழே

புருஷோத்தமன் எடை மெஷினிலிருந்து இறங்கி, அதைக் காலால் அடுத்த டைல்ஸுக்குத் தள்ளி, மறுபடி ஏறி நின்றான். அங்கேயும் அதேதான். எண்பத்தேழு புள்ளி எட்டு. நேற்றுக் காலை இதே நேரத்தில், இதே லுங்கியோடு, எண்பத்தாறு புள்ளி மூன்று. ஒரே நாளில் ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தது.

நேற்றுத் தின்றதையெல்லாம் யோசித்துப் பார்த்தான். காலையில் ரெண்டு இட்லி. மத்தியானம் கம்பெனி கேன்டீனில் ஒரு கரண்டி சோறும் தட்டு நிறையப் பொரியலும். சாயந்திரம் சேரப்பணஞ்சேரிக்கு ரெண்டு ஸ்டாப் முன்னாடியே கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வரைக்கும் நடந்தான். ராத்திரிக்கு ரெண்டு தோசை, தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பு. அவ்வளவுதான். அதில் ஒன்றரைக் கிலோ எங்கிருந்து வரும்?

"இன்னா மாப்ள, எறங்கிச்சா?" என்று அடுப்படியிலிருந்து மாமியார் ராஜம்மா கேட்டாள்.

"எறங்கியிருக்கு அத்தை. கொஞ்சம்."

உள்ளே அவன் மனைவி மதிவதனி தூங்கிக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாகச் சொல்லி, டீ கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான்.

மதிவதனிக்கு முப்பத்துநாலு வயது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தவள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. டெஸ்ட் எடுத்துப் பார்த்தால் இரண்டு கிட்னியும் கெட்டுப்போயிருந்தது. அன்றிலிருந்து செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். வேறு கிட்னி வைத்தால் நல்லது என்றார்கள். ராஜம்மாவுக்குச் சர்க்கரை இருந்ததால் அவளை வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். பொருந்தி வந்தது புருஷோத்தமன் ஒருத்தன்தான். அவனுக்கு அப்போது தொண்ணூற்று மூன்று கிலோ.

"எண்பத்தஞ்சுக்குக் கீழ வாங்க" என்றார் சென்னை ஆஸ்பத்திரி டாக்டர். "இப்படியே கத்தி வெச்சா உங்களுக்கும் ஆபத்து, அப்புறம் உங்ககிட்ட மிஞ்சற ஒத்தக் கிட்னிக்கும் பாரம்."

பத்து வாரமாக வாயைக் கட்டினான். எடையும் இறங்கிக்கொண்டுதான் வந்தது. அடுத்த புதன்கிழமை ஆஸ்பத்திரியில் எடை பார்ப்பார்கள். அன்றைக்கு எண்பத்தைந்துக்கு மேல் காட்டினால் இன்னும் ரெண்டு மாசம் தள்ளிவிடுவார்கள் என்று அவன் மனசுக்குள் முடிவு கட்டியிருந்தான். போன மாதம் மதிக்கு நெஞ்சில் தண்ணீர் கோத்து மூன்று நாள் ஐ.சி.யூ.வில் கிடந்தாள். இன்னும் ரெண்டு மாசம் அவள் தாங்குவாளா?

இது போதாதென்று இன்னொரு பயமும் இருந்தது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. முந்தின வாரம் ராஜம்மா போனில் தன் தங்கையிடம் பேசியது காதில் விழுந்தது. "தெனம் ஏறுது, எறங்குதுன்றாரு. வாயக் கட்ட முடியலன்னா மனசு இல்லன்னுதான அர்த்தம்? ஆம்பளயாச்சே, நாம இன்னா கேக்க முடியும்."

அவனுக்கு மனசு இருந்தது. ஆனால் பயமும் இருந்தது. பொருந்துகிறது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, வெளியே வந்து பாத்ரூமில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது அவனுக்கு மட்டும்தான் தெரியும். இப்போது மெஷினில் நம்பர் ஏறும்போதெல்லாம் அதே நினைப்புதான் வந்தது. நான் மாட்டேன்னு வாயால சொல்லல, என் உடம்பு சொல்லுதோ?

அவன் வேலை செய்வது வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில், வண்டி பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கிற பிரிவில். லைனில் பக்கத்தில் நிற்கும் மோகன் ஊர்க் கபடி டீமில் ஆடுகிறவன். டீ இடைவேளையில் புருஷோத்தமன் எடையைப் பற்றி வாய்விட்டுப் புலம்பியதும் மோகன் சிரித்தான்.

"இதுக்கா இப்டிக் கீற? எங்க மேட்ச்சுக்கு எட பாப்பாங்கல்ல, நாங்க ரெண்டு நாளா தண்ணியே தொட மாட்டோம். ரெண்டு கிலோ தானா எறங்கிடும்ணே."

ரெண்டு நாளுக்கே ரெண்டு கிலோ என்றால்? புருஷோத்தமன் வியாழக்கிழமையே ஆரம்பித்துவிட்டான். காலையில் அரை டம்ளர் டீ. மத்தியானம் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுவான். உடம்பு முழுக்க மூடிய கோட்டைப் போட்டுக்கொண்டு பெயின்ட் காயவைக்கிற பெரிய அடுப்புப் பக்கம் நிற்கிற வேலை. பனியன் பிழிகிற அளவு வேர்க்கும். பாட்டிலைக் கையில் எடுத்து, மூடியைத் திறந்து, மறுபடி மூடி வைத்துவிடுவான். ராத்திரிச் சாப்பாட்டையும் பாதியாக்கினான். மூன்றாம் நாள் லைனில் கண் இருட்டியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு சமாளித்தான். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனது. ஆனால் மெஷின் எண்பத்தாறு என்றது, எண்பத்தைந்து புள்ளி நாலு என்றது, புதன்கிழமை ஆஸ்பத்திரியில் எண்பத்து நாலு புள்ளி ஆறு என்றது.

அங்கே இதையெல்லாம் கவனிக்கிற ஷெர்லின் என்ற நர்ஸ் கைதட்டாத குறைதான். "சூப்பர்ணா! பிளட் மட்டும் குடுத்துட்டுப் போங்க."

அன்று சாயந்திரம் வீட்டில் ராஜம்மா அவனுக்கு மட்டும் வடை சுட்டாள். பல வாரங்களுக்குப் பிறகு அவன் நிம்மதியாகத் தூங்கினான்.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து பஸ் ஏறப் போகும்போது ஷெர்லினிடமிருந்து போன் வந்தது.

"அண்ணா, பதறாதீங்க. உங்க கிரியேட்டினின் ஒண்ணு புள்ளி ஆறு வந்திருக்கு. போன வாட்டி புள்ளி ஒம்பது இருந்திச்சில்ல? டாக்டர் எல்லாத்தையும் கொஞ்சம் நிறுத்தி வெக்கச் சொல்லியிருக்காரு. திரும்ப டெஸ்ட் பண்ணணும்."

அதற்குப் பிறகு அவள் என்ன சொன்னாள் என்று அவன் காதில் ஏறவில்லை. கிரியேட்டினின் என்ற அந்தச் சொல் அவனுக்கு நன்றாகத் தெரியும். கிட்னி கெடக் கெட ரத்தத்தில் ஏறுகிற நம்பர் அது. கால் வீங்குவதற்கு ரொம்ப நாள் முன்னால் மதிக்கு முதன்முதல் டெஸ்ட் எடுத்தபோது ஒன்று புள்ளி எட்டு. அப்போதும் பதறாதீங்க என்றுதான் சொன்னார்கள்.

பஸ்ஸில் ஒரே நினைப்புதான் ஓடியது. அவளுக்குக் கொடுக்க இருந்ததும் போய்விட்டது. இனி ரெண்டு பேரும் அடுத்தடுத்த படுக்கையில் மெஷினோடு கிடக்க வேண்டியதுதான். எட்டாவது படிக்கிற மகள் பூஜாவை யார் பார்ப்பார்கள்? ராஜம்மா என்ன சொல்வாள்? இந்த ஆள் எப்படியோ தப்பிச்சிக்கினான் என்பாளா? வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டான். சுவரைப் பார்த்தபடியே விடிந்தது.

சனிக்கிழமை மதியை டயாலிசிஸுக்கு ஸ்ரீபெரும்புதூருக்கு அழைத்துப் போனான். உள்ளே அனுப்புவதற்கு முன்னால் அவளை எடை மெஷினில் ஏற்றினார்கள். ஐம்பத்தொன்று புள்ளி ஏழு. அங்கிருந்த டெக்னீஷியன் பெண் குறித்துக்கொண்டே, "டிரை வெயிட் நாப்பத்தொம்பதரை. ரெண்டு கிலோ மேல ஏத்திக்கினு வந்திருக்கீங்கக்கா. கொஞ்ச நேரம் வெளியில உக்காருங்க, மெஷின் ரெடியாகட்டும்" என்றாள். தண்ணீர் தங்காதபோது மதியின் உடம்புக்குச் சொந்தமான எடைதான் அந்த டிரை வெயிட். மேலே இருப்பதை மெஷின் இழுத்துவிடும்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் மதி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா மாமா, நேத்துலேர்ந்து ஒரு மாதிரியாக் கீற?"

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தான். வார்த்தை வராமல் அழுகை வந்துவிட்டது. மாத்திரைக் கவுன்டர் முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். ஏறின ஒன்றரைக் கிலோ, மாமியாரிடம் சொன்ன பொய், ஷெர்லினின் போன், ஒன்று புள்ளி ஆறு.

"தண்ணி எவ்ளோ குடிச்ச இந்த வாரம்?" என்றாள் மதி.

"கொஞ்சந்தான்."

"கொஞ்சம்னா?"

சொன்னான். மோகன் சொன்னதையும் சொன்னான்.

அவள் முகம் சிவந்துவிட்டது. "உனுக்கு அறிவு கீதா? எனுக்கு ஒரு நாளைக்கு முக்கா லிட்டர்தான். சோத்துல இருக்கற தண்ணியக்கூடக் கணக்குப் பண்ணிக்கினு, நாக்க ஐஸ் கட்டில தேச்சிக்கினு நான் கெடக்கறேன். நீ குடிக்கக் குடுத்து வெச்சவன். பாட்டில மூடி மூடி வெச்சியா நீ?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இப்ப உள்ள பாத்தியே, வியாழக்கிழமைக்கும் சனிக்கிழமைக்கும் நடுவுல எனுக்கு ரெண்டு கிலோ ஏறுது. அப்ப நான் குண்டாயிட்டனா?"

"அது தண்ணி."

"உன்து மட்டும் இன்னா? ஒரு ராத்திரியில ஒன்றர கிலோ கொழுப்பு வெக்கணும்னா எவ்ளோ துன்னணும் தெரியுமா? எங்கம்மா வெச்ச கருவாட்டுக் கொழம்ப எனுக்குக் கண்ணுல காட்ட மாட்டாங்க, ஏன்? உப்பு தண்ணியப் புடிச்சி வெச்சிக்கும். அன்னிக்கு நீ துன்னது அதத்தான். உனுக்கு கிட்னி வேல செய்யுது, ரெண்டு நாள்ல தானா வெளிய தள்ளியிருக்கும். ஷிப்ட் மாறினா ஏறும், வயிறு சுத்தமாப் போவலன்னா ஏறும். போன குடு."

பத்து வாரமாக அவன் போனில் குறித்து வைத்திருந்த நம்பர்களை வரிசையாகப் பார்த்தாள். ஏழேழு நாளாகக் கூட்டி, ஏழால் வகுத்து, விரலால் காட்டினாள். தொண்ணூற்றிரண்டு புள்ளி ஆறு. தொண்ணூற்றொன்று புள்ளி ஒன்பது. தொண்ணூற்றொன்று புள்ளி மூன்று. இப்படியே ஒவ்வொரு வாரமும் முக்கால் கிலோ, அரைக் கிலோவென்று இறங்கியிருந்தது. ஏறியதாக நினைத்து அவன் செத்துச் செத்துப் பிழைத்த வாரங்களிலும் இறங்கித்தான் இருந்தது.

"லைன்ல ஒரு பீஸ் ரீடிங் மேல கீழ போனா மொத்த லைனையும் நிறுத்திடுவோமா? நாள் பூரா எப்டிப் போவுதுன்னுதான பாப்போம். நீ தெனம் ஒரு பீஸப் பாத்துட்டு அழுதுகினு இருந்திருக்க."

எதிர்க் கடையில் போய் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் வாங்கி வரச் சொன்னாள். அவள் முன்னாலேயே குடிக்க வைத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை அவள் கண் பாட்டிலை விட்டு அகலவில்லை. அதைப் பார்க்க அவனால் முடியவில்லை. பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"குடி" என்றாள்.

அவளை உள்ளே கூப்பிட்டதும் அவன் ஷெர்லினுக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னான். அவளும் விடவில்லை. "கிட்னி குடுக்கப் போற ஆளு பண்ற வேலையாண்ணா இது? உடம்பு வறண்டா அந்த அளவு ஏறத்தான் செய்யும். பெரும்பாலும் அதுவாத்தான் இருக்கும், ஆனா டெஸ்ட் எடுக்காம நான் சொல்ல மாட்டேன். நல்லாத் தண்ணி குடிச்சி, ஒழுங்காச் சாப்ட்டு புதன்கிழமை வாங்க."

பெரும்பாலும் என்ற அந்த ஒரு வார்த்தையோடு நாலு நாளை ஓட்ட வேண்டியிருந்தது. தண்ணீர் குடித்தான், சிறுநீரின் நிறத்தைப் பார்த்தான், மறுபடி குடித்தான். புதன்கிழமை ரத்தம் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் எழுந்து நின்றான். மூன்று மணிக்கு ஷெர்லின் வெளியே வந்து, தூரத்திலிருந்தே கையை ஆட்டினாள். புள்ளி ஒன்பது.

எடை எண்பத்தாறு புள்ளி இரண்டு. இன்னும் ரெண்டு மாசம் தள்ளிப்போகுமா என்று கேட்டான். டாக்டர் அவன் போனில் மதி போட்டு வைத்திருந்த வாரக் கணக்கைப் பார்த்தார். "இதைத்தான் நான் பாக்கணும். அன்னிக்கு நீங்க காட்டின எண்பத்து நாலு பொய். இது நெஜம். ரெண்டு மாசமெல்லாம் வேண்டாம், இதே மாதிரி இன்னும் மூணு, நாலு வாரம். உங்க மனைவிய அதுவரைக்கும் நாங்க பத்திரமாப் பாத்துக்கறோம்."

அன்றிரவு சாப்பிடும்போது அவன் ராஜம்மாவிடம் தான் சொன்ன பொய்யைச் சொல்லிவிட்டான். அவள் போனில் பேசியது காதில் விழுந்ததையும் சொன்னான். ராஜம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். "பொண்ணப் பெத்தவ மாப்ள. பயத்துல வாயி கண்டபடி பேசிடுது" என்றாள். அவன் டம்ளரில் தண்ணீரை நிரப்பி வைத்தாள்.

நாலாவது வாரம் அவன் வாரக் கணக்கு எண்பத்து நாலு புள்ளி ஏழு. அதில் ரெண்டு நாள் எண்பத்தைந்துக்கு மேல் போய் வந்தது. அந்த ரெண்டு நாளும் பயம் வரத்தான் செய்தது. ஆனால் பாட்டிலை மூடவில்லை.

ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்த அன்று மதியும் கூட வந்திருந்தாள். ஆபரேஷன் மாதக் கடைசித் திங்கட்கிழமை. கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்கள் நிறைய இருந்தன. ஒவ்வொன்றையும் ஷெர்லின் படித்துக் காட்டினாள். என்னென்ன தவறாகப் போகலாம் என்பதும் அதில் எழுதியிருந்தது. எல்லாவற்றிலும் போட்டுவிட்டு ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள்.

"பயமாக் கீதா மாமா?"

முதல்முறையாக அவளிடம் ஒளிக்காமல் சொன்னான். "கீது. ரொம்ப."

"எனுக்கும்" என்றாள் மதி. "உனுக்கு எதுனா ஆயிடுமோன்னுதான்."

ஸ்ரீபெரும்புதூர் பஸ் வந்தது. நல்ல கூட்டம். முன்னால் ஒரு பெண் நகர்ந்து மதிக்கு இடம் கொடுத்தாள். புருஷோத்தமன் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆட்களுக்கு நடுவே அவள் தலை தெரிந்தது. பூந்தமல்லி தாண்டுவதற்குள் அவள் மூன்று தடவை திரும்பிப் பார்த்துவிட்டாள்.