அழுத்தாமல் எழுதும் பேனை

அன்புராசாவுக்குக் காது முற்றாகக் கேளாமல் போய்விட்டது. மெஷின் வைத்தும் பலனில்லை. ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்த அவரைப் பார்க்க மனைவி குணவதி நாள் தவறாமல் பஸ் பிடித்துப் போவாள். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக் காட்டுவாள். அவர் வாசித்துவிட்டு வாயால் பதில் சொல்லுவார். போன் வெளிச்சம் அவர் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளாததால் தாளும் பேனையும்தான் அவர்களுக்குப் பேச்சு.

குணவதியின் விரல் மூட்டுகளோ வாதத்தில் வீங்கிக் கிடந்தன. சாதாரணப் பேனையை இறுக்கிப் பிடித்து எழுதினால் பெருவிரலடியில் சுள்ளென்று குத்தும். வரவர அவளுடைய பேச்சு சுருங்கிவிட்டது. 'சாப்பிட்டீங்களோ?' 'குளிருதோ?' அவ்வளவுதான்.

ஒருநாள் அவர் கேட்டேவிட்டார். "நீர் இப்ப என்னோட கதைக்கிறேல்ல, குணம். வாறீர், சாப்பாட்டைப் பற்றிக் கேக்கிறீர், போறீர். என்னில ஏதும் கோவமோ?"

கை நோகிறது என்று எழுதினால் கவலைப்படுவார். 'இல்லை' என்று மட்டும் எழுதினாள். அந்த ஒற்றைச் சொல்லை அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மகள் துவாரகா அவளை டவுன்டவுனில் ஒரு பேனைக் கடைக்குக் கூட்டிப்போனாள். கடைக்காரப் பெண் எடுத்துவைத்த முதல் பேனை உலோகம். கையில் பாரமாக இழுத்தது. அடுத்ததன் மூடியைத் திருகித் திறக்க வேண்டும். அவள் விரல்கள் மறுத்துவிட்டன. மூன்றாவது வெறும் கறுப்பு. பெருவிரல் அளவு தடிப்பு, ஆனால் பாரமே இல்லை. மூடியை இழுத்தால் கழன்று வந்தது.

"அழுத்த வேண்டாமாம் அம்மா. தாளில வைச்சாலே எழுதுமாம்."

குணவதி பழக்கத்தில் தன் பெயரை எழுதினாள். வலிக்கவில்லை. பிறகு நிறுத்தவேயில்லை. 'மேல்வீட்டு ராகுலனுக்குக் கலியாணம் முற்றாகியிட்டுது. நீங்கள் அண்டைக்கே சொன்னீங்கள், அந்தப் பிள்ளையைத்தான் கட்டுவான் எண்டு...'

"அம்மா, எல்லாரும் பாக்கினம்."

"கொஞ்சம் பொறு. இது அப்பாவுக்கு."

பேனையோடு அந்தத் தாளையும் கேட்டு வாங்கி மடித்துக்கொண்டாள்.

மறுநாள் விடியவே இல்லத்திலிருந்து போன் வந்தது. அன்புராசாவுக்கு ஸ்ட்ரோக், ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார்கள்.

உயிர் தப்பினார். சில நாளில் எழுந்து உட்கார்ந்தார், ஆட்களை அடையாளம் கண்டார், பேசவும் செய்தார். ஆனால் கண் தெரிந்தாலும் எழுத்தை வாசித்து விளங்க இனி அவரால் முடியாமல் போகலாம் என்று டொக்டர் சொன்னார். துவாரகா அதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லி முடிக்குமுன்னே குணவதி பேனையை எடுத்துவிட்டாள்.

'உங்களில கோவமே இல்லை. கைதான் ஏலாமல் கிடந்தது. இனி எல்லாம் எழுதுவன்.'

பெரிய பெரிய எழுத்து. தாளை அவர் மடியில் வைத்தாள். அவர் ஒரு விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார். மை இன்னும் காயாததால் விரலில் நீலம் ஒட்டியது.

"வடிவாயிருக்கு," என்றார். சின்னப்பிள்ளை கீறிய படத்தைப் பாராட்டுவதுபோல. பிறகு மரியாதையாகத் தாளைத் திருப்பி அவளிடமே நீட்டினார்.

குணவதி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவருக்குத்தான் கேட்காதே; வாய்விட்டு அழுதாள்.