குதிகாலில் ஊசி

தியெபோ ஒதினேயின் கண்களைத் துணியால் கட்டினார். இருபது வருடங்களாகக் கோமகனின் மேசையில் ரொட்டி நறுக்குகிறவன் ஒதினே. அதே இருபது வருடங்களாக அந்த அரண்மனைக்கு வைத்தியர் தியெபோ. ஒதினேயின் புருவ முடி உதிர்கிறது, குரல் கம்மிவிட்டது என்று யாரோ சொல்லப்போக, தொழுநோயா என்று பார்த்துச் சொல்லும்படி கோமகனின் உத்தரவு. உள்ளதை உள்ளபடி சொல்வேன் என்று நற்செய்திப் புத்தகத்தின் மேல் கைவைத்துக் காலையில்தான் தியெபோ சத்தியம் செய்திருந்தார்.

நோய் என்று சொல்லிவிட்டால், உயிரோடு இருப்பவனுக்கே இறந்தோர் பூசை வைத்து, ஊருக்கு வெளியே தொழுநோயாளிகள் இருக்கும் விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். அவன் மகள் மாரோத்துக்கு அடுத்த மாதம் கல்யாணம். அது நின்றுபோகும்.

அரண்மனை மேற்பார்வையாளன் கொஸ்வேன் கதவில் சாய்ந்து நின்றான்.

"சீக்கிரம் ஆகட்டும் வைத்தியரே. இவன் இடத்துல நிக்கிறவன் விறகு பிளக்குற மாதிரி ரொட்டி வெட்டுறான்."

"அவனுக்கு என் கத்திய மட்டும் குடுத்துடாதீங்க," என்றான் ஒதினே. "மழுக்கிடுவான்."

கொஸ்வேன் சிரித்தான். தொழுநோய் பிடித்த இடத்தில் வலி தெரியாது. தியெபோ மண்டியிட்டு, ஒதினேயின் வலது குதிகாலில் ஊசியை இறக்கினார்.

"ஆ! மெதுவா, ஐயா."

"கேட்டீங்களா? வலிக்குது. முடிஞ்சுது," என்றான் கொஸ்வேன்.

முடியவில்லை. ஊசி பாதிக்கு மேல் உள்ளே போன பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. அதுவும், தியெபோ அடக்கியிருந்த மூச்சை விட்ட பிறகு. குத்தும்போது மூச்சை அடக்குவது அவர் பழக்கம். கோமகனின் கால் புண்ணை அவர் கீறிவிட்ட போதெல்லாம் பக்கத்தில் விளக்குப் பிடித்தவன் ஒதினே. அவனுக்கு அது தெரியும்.

தியெபோ ஊசியைக் கீழே வைத்தார். வெறுங்கையோடு குனிந்தார். மூச்சை அடக்கினார். விட்டார்.

"ஐயோ!" ஒதினே காலை உதறினான்.

முற்றத்தில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் ஓய்ந்த பிறகும் தியெபோ மண்டியிட்டபடியே இருந்தார். நோய் இல்லை என்று தலையை ஆட்டினால் போதும். மாரோத்தின் கல்யாணம் நடக்கும். நாளைக் காலை ஒதினேயின் இந்தக் கைகள் கோமகனின் குழந்தைகளுக்கு ரொட்டி எடுத்துக் கொடுக்கும்.

"என்ன ஐயா, பேச மாட்டேங்கிறீங்க?" துணிக்குக் கீழே ஒதினேயின் உதடுகள் சிரிக்கப் பார்த்தன. "சத்தம் பத்தலையா?"

தியெபோ எழுந்தார். கொஸ்வேனைப் பார்த்து, "உணர்ச்சி இல்ல. நோய்தான்," என்றார்.

"இப்பத்தானே கத்தினான்!"

"இப்ப நான் குத்தவே இல்ல."

கொஸ்வேன் கதவிலிருந்து விலகி, வெளியே போய் நின்றுகொண்டான்.

ஒதினே தானே கட்டை அவிழ்த்தான். தியெபோவைப் பார்த்துக் கேட்டான்.

"முதல் தடவையும் குத்தலையா?"

"அப்ப குத்தினேன். எலும்புல தட்டுற வரைக்கும்."

ஒதினே காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தான். குதிகாலில் ரத்தம் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. துடைத்துவிட்டு, அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினான். பிறகு நகத்தால் இன்னும் பலமாக அழுத்தினான்.