தலையெடுத்தார் வீடு

என் நாவலின் கடைசி அத்தியாயத்தில் அண்ணன் தம்பியின் தலையை வெட்டுகிறான். ஒரே வெட்டில் இல்லை. ஒரே வெட்டில் தலை உருளுவதெல்லாம் ஓர் ஆட்டைக்கூட வெட்டிப் பார்க்காதவர்கள் எழுதுவது. முதல் வெட்டு தோளில் இறங்கும். கத்தி எலும்பில் மாட்டிக்கொள்ளும். காலை வைத்து மிதித்துத்தான் பிடுங்க வேண்டும். பிடுங்கினால் ரத்தம் பீறிட்டு அடிக்கும். நான் கறிக்கடைக்காரன், எனக்குத் தெரிந்ததை எழுதினேன்.

கதை எங்கள் வீட்டுப் பெயரிலிருந்து கிளம்பியது. கொள்ளுத்தாத்தாவின் பட்டப்பெயரால் எங்களைத் 'தலையெடுத்தார் வீடு' என்பார்கள். அவருடைய தம்பி வழியில் வந்த பங்காளிகளைத் 'தலையில்லா வீடு' என்பார்கள். இரண்டு வீட்டுக்கும் நல்லது கெட்டது எதிலும் போக்குவரத்து கிடையாது. ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஒருவர் தலையெடுத்தார், இன்னொரு வீட்டுக்குத் தலை இல்லை. எழுத உட்கார்ந்தவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? யார் எடுத்தார், யாருடையது போயிற்று என்று எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது.

பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"டேய், தலையெடுத்தார்னா முன்னுக்கு வந்தார்னு அர்த்தம்டா. அவங்க அப்பா போனப்புறம் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினவர். அவரோட தம்பி, சின்னப் புள்ளைங்களை விட்டுட்டு காய்ச்சல்ல போயிட்டார். பெரியவங்கன்னு சொல்ல ஆளில்லாம போனதால அது தலையில்லா வீடு. இதுல ரத்தம் எங்கடா வந்துச்சு?"

"முன்னுக்கு வந்தவர் கதையை எவன் பெரியப்பா படிப்பான்?" என்றேன். காய்ச்சலில் செத்தவருக்கு அட்டைப்படம்தான் எப்படிப் போடுவது?

பதிப்பகத்தார் ஒருவரும் சீண்டவில்லை. போங்கடா என்று நானே போட்டேன். அச்சகத்துக்காரர் கேட்கிற அளவுக்கு அடித்துத் தருகிறவர், ஒரு பிரதி என்றாலும் தருவார். அட்டையில் 'எங்கள் குடும்பத்தின் ரத்த வரலாறு' என்று ஒரு வரி சேர்த்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கியும் வைத்தேன். கறி வாங்க வந்தவர்கள் கூடுதலாக ரெண்டு எலும்பு போடச் சொன்னார்களே தவிர, புத்தகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

படித்தவன் என்னோடு கடையில் நிற்கும் என் தம்பி ஒருவன்தான். ஆள் இல்லாதபோது கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பக்கம் படிப்பான். யாராவது வந்தால் சாணைக்கல்லைப் பக்கத்தின் மேல் வைத்துவிட்டுக் கத்தியை எடுப்பான். "முடிவை மட்டும் சொல்லிடாதண்ணே" என்பான். அவன் அப்படிக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆகாயத்தில் பறப்பதுபோல இருக்கும்.

அவன் பாதிப் புத்தகம் தாண்டியிருந்த சமயத்தில்தான் தலையில்லா வீட்டுப் பங்காளி வந்தான். லாரி ஓட்டுகிறவன், என் வயசு. தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவன். அன்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக உள்ளே வந்தான். கையில் என் புத்தகம் இருந்தது, கல்லாப் பக்கத்து அடுக்கிலிருந்து யாரோ எடுத்துப்போய்க் கொடுத்திருக்கிறார்கள்.

"இதை நீதான எழுதின?"

வாசகன் வந்திருக்கிறான் என்று என் கேடுகெட்ட மனசு ஒரு கணம் குளிர்ந்தது.

"எங்களை ஏன் தலையில்லா வீடுன்னு கூப்பிடறாங்கன்னு தலைமுறை தலைமுறையா முழிச்சிட்டிருந்தோம். வெட்டிப் போட்டதும் இல்லாம, அதைப் புத்தகமா அடிச்சு விக்கிறியா?"

"அது கதைப்பா. நானா கட்டிவிட்டது. உங்க கொள்ளுத்தாத்தா காய்ச்சல்ல போனாரு."

"காய்ச்சலா? கத்தி எலும்புல மாட்டினது, மிதிச்சுப் பிடுங்கினது எல்லாம் இருக்கு. பார்த்தவன் சொல்லாம இப்படி எழுத முடியுமாடா?"

என் நாவலுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. ரசிக்க நேரமில்லை. புத்தகத்தை என் மூஞ்சியில் எறிந்தான், கட்டையில் கிடந்த எலும்பு வெட்டும் கத்தியை எடுத்தான். கூட்டம் சிதறியது. முதல் வீச்சு கொக்கியில் தொங்கிய தொடையைப் பிளந்தது. நான் எடைக்கல்லை எடுத்து அவன் வாயில் அடித்தேன். பல் உடைந்து, உதடு கிழிந்து, ரத்தத்தைத் துப்பிக்கொண்டே திரும்ப வந்தான். எனக்கும் வெறி ஏறிவிட்டது. அவனைக் கொன்றுவிட வேண்டும் என்றுதான் இரண்டாம் முறை கல்லை ஓங்கினேன்.

தம்பி நடுவில் புகுந்தான்.

கத்தி அவன் தோளில் இறங்கியது. எலும்பில் மாட்டிக்கொண்டது. தம்பி தரையில் கொட்டியிருந்த மரத்தூளில் மல்லாக்க விழுந்தான். கூடவே குனிந்த பங்காளி பிடியை விடாமல் இழுத்தான், வரவில்லை. காலைத் தூக்கித் தம்பியின் நெஞ்சுக்கு மேலே கொண்டுபோனான்.

அங்கேயே நின்றான். என்னைப் பார்த்தான். அடுத்த வரி என்ன என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். என் கையிலிருந்த கல் கீழே விழுந்தது.

"அண்ணே," என்றான் தம்பி. உதடு வெளுத்துவிட்டது. "நான் இன்னும் முடிக்கலண்ணே. அந்தத் தம்பி பொழைச்சுக்குவானா?"

"பொழைச்சுக்குவான்டா."

அவன் நம்பவில்லை. கண்ணைப் பங்காளி பக்கம் திருப்பினான். "நீங்க முடிச்சிட்டீங்கல்ல?"

பங்காளியின் வாயிலிருந்து ரத்தம் ஒழுகியது. "முடிச்சிட்டேன். பொழைச்சுக்குவான்" என்றான். அதைக் கேட்டதும் தம்பிக்கு நினைவு தப்பியது. பங்காளி காலைக் கீழே வைத்தான். கத்தியிலிருந்து கையை எடுத்தான். அப்படியே தரையில் உட்கார்ந்து, தம்பியின் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். ஆம்புலன்ஸ் வரும்வரை அவனும் அசையவில்லை, நானும் கத்தியைத் தொடவில்லை. அதற்குப் பிறகு போலீஸ் அவனைக் கூட்டிக்கொண்டு போயிற்று.

கத்தியைப் பிடுங்காததால்தான் உயிர் தங்கியது என்றார் டாக்டர். கை இனி தோளுக்கு மேலே வராதாம்.

கண் விழித்ததும் தம்பி புத்தகத்தைக் கேட்டான். இதோ கொண்டுவருகிறேன் என்று சாக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்க் கடைசி அத்தியாயத்தைத் திருத்தி எழுதினேன். ஜோடனை ஒன்றும் செய்யவில்லை, கடையில் நடந்ததை நடந்தபடியே அந்த அண்ணன் தம்பிக்கு வைத்தேன். அச்சகத்துக்காரர் "எத்தனை பிரதி?" என்றார். ஒன்று போதும் என்றேன்.

தம்பி கட்டில் கம்பியில் புத்தகத்தைச் சாய்த்து, நல்ல கையால் பக்கம் புரட்டிப் படித்து முடித்தான்.

"எல்லாம் நல்லாதாண்ணே இருக்கு," என்றான். "ஆனா அவ்வளவு ஆத்திரத்துல வெட்ட வந்தவன், தூக்கின காலைக் கீழ வச்சிட்டு மடியில எடுத்துப் போட்டுக்கிட்டான்னு எழுதியிருக்கியே, இதை எவன் நம்புவான்?"