மோட்டார் இல்லாமல் ஏறிய ரொட்டி

வெங்காய விலை ஏறிய வாரத்தில் இரண்டாம் மாடிப் பிளம்பரும் ஏறினார். காலையில் கட்டிலைவிட்டு எழுந்தபோது அவருடைய உள்ளங்கால்கள் தரைக்குப் பதிலாகச் சீலிங்கில் பதிந்தன. தலை கீழே தொங்கியது. முகம் சிவக்கவில்லை, மயக்கமும் வரவில்லை. பழக்கதோஷத்தில் பல் விளக்கப் போனார். குளியலறைக் கதவின் மேல்சட்டத்தை வாசற்படி தாண்டுவதுபோலத் தாண்டினார். மனைவி, வேட்டி சரியுமே என்று பேண்ட்டும் பெல்ட்டும் எடுத்துவந்தாள். அவளுடைய தம்பி, மாமாவை இறக்கியே தீருவேன் என்று தோளைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தான். ஒரு தட்டு அளவுக்குச் சுண்ணாம்புக் காரைதான் இறங்கியது. வீட்டுக்காரர் வந்து அண்ணாந்து பார்த்தார், சீலிங்கில் கால்தடம் விழுந்தால் வெள்ளையடிக்கும் செலவு யாருடையது என்று கேட்டார், போய்விட்டார்.

இதெல்லாம் பெரிய விஷயமில்லை. பிளம்பர் சாப்பிட மறுத்தார் என்பதுதான் விஷயம். அந்தக் கட்டடத்தில் மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் வராது. அங்கே குடியிருந்த அம்மாள் புகார் சொல்லும்போதெல்லாம் பிளம்பர் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தார்: மோட்டார் இல்லாமல் ஒரு சொட்டுகூட மேலே ஏறாது. இப்போது அவருடைய வாய் கீழே, வயிறு மேலே. நடுவில் ஒரு குழாய், மோட்டார் கிடையாது. போடுகிற சோறு பாதியில் நின்று மூக்கு வழியாகத் திரும்பும் என்பது அவருடைய கணக்கு. கணக்கு தப்பென்று ஆனால் இத்தனை வருஷம் சொன்ன வாக்கு என்னாவது என்ற கவலையும் உள்ளூர இருந்தது. வயிறு சும்மா இருக்கவில்லை. சீலிங்குக்குப் பக்கத்திலேயே இருந்ததால் அது உறுமிய உறுமலில், மேலே அந்த அம்மாள், கீழ்வீட்டில் யாரோ பீரோவை இழுக்கிறார்கள் என்று கரண்டியால் தரையைத் தட்டினாள். நலம் விசாரிக்க வந்தவர்கள் பழம் வாங்கிவந்து, அவர் தொடாததால் தாங்களே தின்றுவிட்டுப் போனார்கள். இதை எழுதுகிறவன் தின்றது ஒரு சீப்பு.

டாக்டர் வந்தார். வாயைப் பார்க்க நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார், வயிற்றைப் பார்க்க ஏணி கேட்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். உணவுக்குழாய் பேருக்குத்தான் குழாயாம், உள்ளபடி அது தசையாம். கவளத்துக்குப் பின்பக்கம் இறுகி, முன்பக்கம் தளர்ந்து, பற்பசையைப் பிதுக்குவதுபோல அலை அலையாகத் தள்ளிக்கொண்டே போகுமாம். எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று அது பார்ப்பதில்லையாம். கடைசியில் ஒரு தசைவளையம் திறந்து கவளத்தை வயிற்றுக்குள் விட்டு மூடிக்கொள்ளும். அது சரியாக மூடாவிட்டால் நெஞ்செரிச்சல். பிளம்பர் தொழில்முறையில் சில சந்தேகங்கள் கேட்டார். அந்த வளையத்துக்கு வாஷர் உண்டா? இல்லை. உள்ளே என்ன நடக்கிறது? வயிறு அமிலம் சுரந்து, பிசைந்து, கூழாக்கி, கொஞ்சங்கொஞ்சமாகக் குடலுக்கு அனுப்பும்.

"அமிலம் ஊத்தினா வயிறே ஓட்டையாயிடுமே சார்?"

"உள்ள வழவழன்னு ஒரு பூச்சு இருக்குங்க. அது தன்னைத்தானே புதுசா பூசிக்கும்."

"தினம் வேலைக்கு வர்ற கொத்தனாரா? நான் பாத்ததே இல்ல."

டாக்டர் பையை மூடிக்கொண்டு வாசலில் மனைவியிடம் தனியாகச் சொன்னார்: தண்ணீர்கூட இறங்காவிட்டால், அதாவது ஏறாவிட்டால், ஆள் நாளை மறுநாள்வரை தாங்கமாட்டார்.

அவள் தையல் வேலை பார்ப்பவள். வார்த்தையால் சரிசெய்ய முடியாததைத் தைத்துச் சரிசெய்கிற சுபாவம். இது தைக்கிற சமாசாரமும் இல்லை. உள்ளே போய் அவருடைய பழைய பேண்ட் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து, கட்டில்மேல் சுவரோரமாகத் தலையை ஊன்றிக் கால்களை மேலே தூக்கினாள். விழுந்தால் தான் பொறுப்பில்லை என்று முணுமுணுத்தபடி தம்பி கால்களைப் பிடித்துக்கொண்டான். பிளம்பர் சீலிங்கில் இரண்டு எட்டு வைத்துக் கிட்டே வந்தார். சீலிங்குக்குப் போனதிலிருந்து தலைகீழாகவே பார்த்த அவள் முகம் அப்போதுதான் நேராகத் தெரிந்தது. கன்னம் ஒட்டியிருந்தது.

"நீ சாப்பிடலையா?"

"நீங்க சாப்பிட்டீங்களா?" என்றாள் அவள். "நல்லா பாத்துக்குங்க. மோட்டார் எங்கயும் இல்ல."

ரொட்டித் துண்டைக் கடித்தாள். நடிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை, அவ்வளவு பசி. மென்று விழுங்கியபோது தொண்டையில் ஒரு சின்ன மேடு எழும்பி, கழுத்துக்குழியை நோக்கிப் போய் மறைந்தது. பிளம்பர் அடைத்த குழாயில் காது வைப்பதுபோல அவள் நெஞ்சருகே காது வைத்துக் கேட்டார்.

"ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சு."

"வயித்துக்கா?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்கா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "மூணாம் மாடில சொல்லிடாத," என்றார்.

"சொல்லல. வாயத் திறங்க."

முதல் வாய் ஏறியது, இரண்டாவதும் ஏறியது. மூன்றாவதில் ஒரு ஏப்பம் மட்டும் வழிதெரிந்து கீழே வந்தது. மூன்றாம் மாடியில் கேட்டுவந்த பீரோ இழுக்கும் சத்தம் நின்றது.

அதன்பிறகு அவர் தரைக்கு வரவே இல்லை. மேல்வீட்டுக் குளியலறை ஒழுகி நனைகிற சீலிங்குகளுக்கு அவரைப்போல வேலைசெய்ய ஆளில்லை என்று பெயர் வந்தது. ஏணி வாடகை மிச்சம். அப்போது சிறுமிகளாக இருந்த மகள்கள் சீலிங்கில் நடக்கிற அப்பாவைப் பார்த்தே வளர்ந்து, தரையில் நடக்கிற மாப்பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு போனார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மட்டும் அவள், யாரும் பிடிக்காமலே, கட்டில்மேல் தலைகீழாக நின்று அவரோடு முகம்பார்த்துச் சாப்பிட்டாள். அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் மாடி அம்மாள் உள்ளே வந்து, தலைகீழாக இருந்த இருவரையும் பார்த்து, சாப்பிடுகிற நேரத்தில் வந்துவிட்டேனே என்று வருத்தப்பட்டு, இன்றைக்கும் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாள். பிளம்பர் வாயிலிருந்ததை நிதானமாக விழுங்கினார். அது மேலே போய்ச் சேர்கிறவரை காத்திருந்தார்.

"மோட்டார் இல்லாம எதுவும் மேல ஏறாதும்மா," என்றார்.

மனைவி, வந்த சிரிப்பையும் வாயிலிருந்த ரொட்டியையும் சேர்த்து விழுங்கினாள். இரண்டும் ஒழுங்காக மேலே போய்ச் சேர்ந்தன.