துண்டுக்கு அடியில் இன்னொரு கை

ஹம்சவேணி காப்பித் தட்டோடு கூடத்துக்கு வந்தபோது, அவள் கொழுந்தன் கிரிதரனின் வலது கை தரகர் மொக்கைச்சாமியின் துண்டுக்குள் இருந்தது.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய இரண்டாயிரமாவது வருஷத்துக் காலண்டரில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர்கள் மாதிரி அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துண்டு மட்டும், உள்ளே எலி புகுந்ததுபோல அசைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஸ்டூல்மேல் ஒரு பிஸ்கட் டப்பா மூடி திறந்து கிடந்தது.

டப்பாவைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது. அது அவள் புருஷன் வெங்கடரமணனின் டப்பா. மனுஷன் பிழைத்தது சுங்குடிச் சேலைக் கடையில். மனசைக் கொடுத்தது கல்லுக்கு. மாணிக்கம், பச்சை, நீலம், புஷ்பராகம், வைடூரியம் என்று ஒவ்வொன்றாக வாங்கி, மெழுகுக் காகிதத்தில் மடித்து, அந்த டப்பாவுக்குள் அடுக்கி வைத்திருந்தார். போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்தார். படுக்கையில் கிடந்தபோது எல்லோரையும் கூப்பிட்டு, "கடை தம்பிக்கும் பையனுக்கும். கல்லு ஹம்சாவுக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

இன்று காலையில் மகன் விஜய்ஆனந்த், "அப்பாவோட கல்ல ஒருதடவ பாத்துட்டுத் தாரேம்மா" என்று பீரோச் சாவியை வாங்கிப் போயிருந்தான். பார்ப்பது என்றால் இதுதான் போலிருக்கிறது.

"என்ன கிரி, என்ன நடக்குது?"

"ஒண்ணுமில்ல அண்ணி. கல்லுக்கு வெல பேசிக்கிட்டிருக்கோம். காப்பிய வச்சிட்டுப் போங்க."

"யாரு கல்லுக்கு?"

"அதான்... நம்ம கல்லுக்கு."

"சரி, நம்ம கல்லு. எம்புட்டுக்குக் கேக்குறாரு?"

கிரிதரன் சின்னப்பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதுபோலச் சிரித்தான். "துண்டுக்கடியில பேசுறத வெளிய சொல்லக் கூடாது அண்ணி. அது தொழில் தர்மம்."

திருமங்கலத்து மொக்கைச்சாமிக்கு அப்பன் காலத்திலிருந்தே தரகுதான் தொழில். அப்பன் மாட்டுச் சந்தையில் தரகு பார்த்தார். மகன் கல்லுக்கு மாறினாலும் துண்டை விடவில்லை. வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் துணிக்குள் போகும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, உள்ளங்கையோடு சேர்த்துப் பிடித்தால் ஐந்து, விரலின் பாதியில் கிள்ளினால் அரை. சுற்றி நிற்கிற யாருக்கும் விலை தெரியாது. சந்தைக்கு அது சரி. இங்கே சுற்றி நிற்பது யார்? கல்லுக்குச் சொந்தக்காரி ஒருத்திதான்.

ஹம்சவேணி ஸ்டூலில் காப்பித் தட்டை வைத்தாள். வைத்த கையோடு டப்பாவை எடுத்து மூடி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, என்னம்மா நீ?" விஜய்ஆனந்த் ஜன்னல் பக்கமிருந்து ஓடிவந்தான். "அண்ணா நகர்ல எடம் பாத்து அட்வான்சும் பேசியாச்சு. பிரவுசிங் சென்டர் போட்டா பசங்க வரிசையில நிப்பானுக. மிச்சத்த சித்தப்பா கடையில போட்டு உனக்கு மாசாமாசம்..."

"நீ என்ன வேணா போடு ராசா. சாவி வாங்கும்போது ஏன் சொல்லல?"

"சொன்னா நீ யோசிப்ப."

"யோசிக்கக் கூடாதா நான்?"

கிரிதரன் இப்போது வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்துக்கு மாறினான். வெளி ஆள் இருக்கும்போது வீட்டுச் சங்கதி பேச அவர்களுக்கு அந்தப் பாஷை ஒரு கதவு மாதிரி, சாத்திக்கொண்டு பேசலாம். "அண்ணி, இந்த ஆளு மொத்தமா எடுத்துக்கிறேன்னு வந்துருக்கான். கிராக்கி தெரியாம நீங்க கெடுத்துறாதீங்க. மாட்டுத் தரகன் மவன், கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சிருவான்" என்று படபடவென்று சொன்னான்.

மொக்கைச்சாமி காப்பியை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "எந்திரிக்க மாட்டேன் தம்பி, தைரியமா பேசுங்க" என்றார் தமிழில். "உங்க தெருவுல இம்புட்டு வருசமா காப்பி குடிச்சிருக்கேன். பாஷை பேச வராது. காதுல விழுந்தா புரிஞ்சிரும்."

கிரிதரனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஹம்சவேணிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"மொக்கைச்சாமிண்ணே, கல்லு எனக்குன்னு அவரு எழுதாத குறையா சொல்லிட்டுப் போனாரு. உங்களுக்குத் தெரியுமா?"

"மொதலாளி சாகுறதுக்கு முந்தி எங்கிட்டயும் சொன்னாரும்மா."

"தெரிஞ்சும் ஏன் கிரி கையப் புடிச்சீங்க?"

"அப்புறம் யாரு கையப் புடிக்கிறது?"

"என் கையத்தான்."

தெருவில் ஒரு குல்பி வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான்.

"அண்ணி!"

"அம்மா!"

மொக்கைச்சாமி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "தாயி, தப்பா எடுத்துக்கிறாதீங்க. துண்டுக்குள்ள பொம்பள கையப் புடிச்சு யாவாரம் பேசுற பழக்கம் எங்கப்பன் காலத்துலயும் இல்ல, என் காலத்துலயும் இல்ல. நாளைக்கு நாலு பேரு என்ன சொல்லுவான்?"

"ஏண்ணே, சித்திரைத் திருவிழாவுல வளையக்காரன் உக்காந்திருக்கான். ஊருப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் வரிசையா கைய நீட்டுறோம். அவன் கைய அமுக்கி, பெசஞ்சு, வளையல ஏத்தி விடுறான். புருஷன்மாரு பக்கத்துல நின்னு, 'பாத்துப்பா, ஒடஞ்சிறப் போகுது'ங்குறானுக. அப்ப எங்க போச்சு பழக்கம்?"

"அது வளையலு தாயி..."

"அவன் வெளிச்சத்துல புடிக்கிறான். நீங்க துணிபோட்டு மூடிப் புடிக்கிறீங்க. எது மானம்?"

"இதுக்கு எங்கப்பன் வந்தாலும் பதில் சொல்ல மாட்டான்" என்றார் மொக்கைச்சாமி.

"அண்ணி, வெளையாடாதீங்க. உங்களுக்கு அந்த விரல் கணக்கே தெரியாது" என்றான் கிரிதரன்.

"உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"அண்ணன்தான்."

"எனக்கும் உங்க அண்ணன்தான். உங்கம்மா உசிரோட இருந்தப்ப, இந்த ஒரே கூடத்துல தலைக்கு ஒரு பாயப் போட்டு எல்லாரும் படுத்துக் கெடந்தோம். கல்லு வாங்கினேன்னு வாயத் தொறந்து சொன்னா கெழவி வீட்ட ரெண்டாக்கும். அதனால போர்வைக்குள்ள என் விரலப் புடிச்சுச் சொல்லுவாரு, இன்னிக்கு இம்புட்டுக்கு வாங்கினேன்னு. நான் கிள்ளி வைப்பேன், ஏமாந்துட்டீருன்னு. பாதி நாளு அதுதான் எங்க பேச்சு."

விஜய்ஆனந்த் அவசரமாகக் காலண்டரைப் பார்த்தான். மொக்கைச்சாமி இருமுவதுபோலச் சிரித்தார்.

"சரி, வித்துட்டு என்ன செய்யப் போறீங்க? அதச் சொல்லுங்க" என்றான் கிரிதரன், தோற்றவன் வேறு பக்கமாக வருகிற குரலில்.

"மொத்தமா விக்க இது உருளைக்கெழங்கு மூட்டை இல்ல. ஒண்ணே ஒண்ணு விக்கிறேன். அந்தப் பணத்துக்குத் தங்கம் வாங்கி, மிச்சக் கல்லெல்லாம் பதிச்சு ஒரு அட்டிகை. தெற்காவணி மூல வீதியில கண்ணுச்சாமி ஆசாரிகிட்டச் சொல்லிட்டேன். காகிதத்துல படங்கூட வரஞ்சு குடுத்துட்டாரு."

"அட்டிகையா? யாருக்கு? வரப்போற மருமகளுக்கா?"

"எனக்கு."

கிரிதரன் அவளுடைய வெறும் கழுத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டான். அந்தப் பார்வை எங்கே போய்த் திரும்பியது என்பது ஹம்சவேணிக்குத் தெரிந்துதான் இருந்தது.

"அண்ணி, அண்ணன் போயி இன்னும் வருஷம் திரும்பல. ஊரு என்ன பேசும்?"

"அவரு இருந்தப்ப மட்டும் நான் என்ன போட்டுக்கிட்டேன்? கல்யாணமான புதுசுல கேட்டேன், அந்தச் செவப்புல ஒரு மோதிரம் பண்ணிக் குடுங்கன்னு. 'கல்லு காகிதத்துல இருந்தாத்தான் கல்லு. நகையில ஏறிட்டா அதுக்கு மூச்சு முட்டிப்போகும்'ன்னாரு. கல்லுக்கு மூச்சு முட்டுமாம். எனக்கு முட்டினத யாரு கேட்டா? வெளக்கு முன்னாடி ஒவ்வொண்ணா பிரிச்சு வச்சு உள்ள ஒளி ஓடுற நீரோட்டம் பாப்பாரு. நான் பக்கத்துல உக்காந்து அவரு மூஞ்சியப் பாப்பேன். அம்புட்டுதான் எனக்குக் கெடச்ச நகை. கல்ல எனக்குன்னு குடுத்தாருல்ல? அப்ப அந்தச் சண்டையில நான் ஜெயிச்சுட்டேன்னு அர்த்தம். ஜெயிச்சவ போட்டுக்கிறேன்."

டப்பாவை மடியில் இன்னும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

கிரிதரனுக்குக் கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. "அதுல நீலம் இருக்கு அண்ணி. எல்லாருக்கும் ஒத்துக்காது. துணியில முடிஞ்சு தலகாணிக்கடியில வச்சு, கெட்ட கனா வருதான்னு பாத்துட்டுத்தான் போடணும். ஆகலேன்னா குடும்பத்தையே ஆட்டிப் படைச்சுரும்."

"என் தலமாட்டு பீரோவுலதானப்பா இம்புட்டு வருஷமா இருந்துச்சு. மாமியாருகிட்டப் பேச்சு வாங்குனேன், புருஷனப் பறிகுடுத்தேன், பெத்த புள்ள சாவிய ஏமாத்தி வாங்கிட்டுப் போனான். இனிமே அது புதுசா என்னத்தச் செஞ்சுரும்?"

"அம்மா, ஏமாத்தல்லாம் இல்லம்மா..." விஜய்ஆனந்த் தரையைப் பார்த்தான். "அப்ப என் சென்டரு?"

"கடையில உனக்குப் பங்கு வச்சுட்டுத்தானே உங்கப்பா போனாரு? அதப் பிரிச்சுத் தரச்சொல்லி சித்தப்பாகிட்டக் கேளு. நீங்க ரெண்டு பேரும் துண்டுபோட்டுப் பேசுங்க. நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்."

கிரிதரன் வெடுக்கென்று விஜய்ஆனந்தைப் பார்த்தான். விஜய்ஆனந்தும் யோசனையோடு சித்தப்பாவைப் பார்த்தான். இத்தனை நேரம் ஒரே பக்கம் நின்றவர்களுக்கு நடுவில் ஒரு கோடு விழுந்துவிட்டது.

ஹம்சவேணி டப்பாவைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். வைடூரியம். உள்ளங்கையில் திருப்பினால் நடுவில் வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது. "இதுதாண்ணே. பூன முழிச்சுப் பாக்குற மாதிரி இருக்கும், எனக்கு எப்பவுமே புடிக்காது. பாத்துட்டுச் சொல்லுங்க."

மொக்கைச்சாமி சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்து ஜன்னலோரம் போய் நின்றார். திருப்பினார், வெயிலில் காட்டினார், ஊதித் துடைத்தார். திரும்பி வந்து அவளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தோளிலிருந்து துண்டை எடுத்து ஒரு உதறு உதறினார்.

"மொதலாளி ஏமாந்து வாங்கினதுன்னு கிள்ளினீங்களே தாயி, இதுக்கும் கிள்ளினீங்களா?"

"இதுக்குக் கிள்ளல. ஏமாறாம வாங்கினது, அதனாலதான் இத விக்கிறேன்."

"சரி. ஒரு விரலுக்குப் பத்தாயிரம்னு கணக்கு. கையக் குடுங்க."

ஹம்சவேணி நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். துண்டு விழுந்தது. அவளுடைய கை உள்ளே போனது.

அவள் காலண்டரைப் பார்க்கவில்லை. நேராக மொக்கைச்சாமியின் கண்ணைப் பார்த்தாள். அவர்தான் கொஞ்ச நேரம் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தவித்தார். பிறகு தொழில் ஞாபகம் வந்துவிட்டது; முகம் இறுகியது. துண்டு அசைந்தது. ஹம்சவேணி வேண்டாம் என்று தலையாட்டினாள். மறுபடி அசைந்தது.

"தாயி, இது அநியாயம்."

"உங்க விரலு சொல்றது மட்டும் நியாயமா?"

"கல்லுல ஓரத்துல ஒரு கீறல் இருக்கு."

"இருக்கட்டும். எனக்கும் இருக்கு."

மொக்கைச்சாமி சிரித்துவிட்டார். சிரித்த முகத்தோடு ஒரு விரலின் பாதியில் கிள்ளினார். அவள் யோசித்தாள். அவருடைய கையை அழுத்திப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினாள். துண்டை விலக்கிக் கையை வெளியே எடுத்தபோது அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"முடிஞ்சது" என்றார் மொக்கைச்சாமி, கையைத் துண்டில் துடைத்தபடி. "வெள்ளிக்கிழம பணத்தோட வாரேன். தம்பி கையவிட இந்தக் கைதான் கெட்டி."

கிரிதரனால் பொறுக்க முடியவில்லை. "எம்புட்டுக்கு அண்ணி படிஞ்சுச்சு?"

ஹம்சவேணி டப்பாவை மூடினாள். மகனைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவன் பீரோச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தான். வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"துண்டுக்கடியில பேசுறத வெளிய சொல்லக் கூடாது கிரி. தொழில் தர்மம்."

பிறகு ஸ்டூலில் ஆடை படிந்து கிடந்த காப்பியைப் பார்த்தாள்.

"ஆறிப்போச்சு. விஜய், போய்ச் சூடு பண்ணிக் கொண்டா. மொக்கைச்சாமிண்ணனுக்கும் இன்னொரு டம்ளரு."